அமெரிக்காவில் ஊருக்கு ஊர் தனி டிவி ஸ்டேஷன் முளைத்தது எப்படி?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸுக்குக் குடிவந்திருக்கிறீர்கள். வீட்டில் ஆன்டெனா மாட்டினால் 4, 6, 10 என்று மூன்று பழைய சேனல்கள் வருகின்றன. மூன்றிலும் உள்ளூர்ச் செய்தி, உள்ளூர் வானிலை, உள்ளூர் கார் வியாபாரியின் விளம்பரம். இரவு எட்டு மணிக்குத்தான் நாடு முழுக்க ஓடும் நிகழ்ச்சி ஆரம்பிக்கிறது. "என்.பி.சி., சி.பி.எஸ். எல்லாம் நியூயார்க் கம்பெனிகள்தானே? ஏன் ஊருக்கு ஊர் கிளை திறந்தார்கள்? தூர்தர்ஷன் மாதிரி ஒரே இடத்திலிருந்து அனுப்பியிருக்கலாமே?" என்பது கேள்வி. இதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: தலைமையகம் முதலில், கிளைகள் பிறகு. நடந்தது நேர் எதிர். ஸ்டேஷன்கள்தான் முதலில் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை எந்த நெட்வொர்க்குக்கும் சொந்தமானவை அல்ல. நெட்வொர்க் என்பது அவர்களுக்கு நிகழ்ச்சி சப்ளை செய்த மொத்த வியாபாரி, அவ்வளவே.

நான் டிரான்ஸ்மிட்டர் பக்கத்து ஆள். அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் 24 வருடம் டவர், ஆன்டெனா, அலைவரிசை என்றே காலம் போயிற்று. அதனால் சிக்னல் பற்றி நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். சட்டமும் வியாபாரமும் நான் படித்தும், பழைய ஆட்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவை.

முதல் காரணம் சட்டமல்ல, பூமி உருண்டையாக இருப்பது. டிவிக்கு ஒதுக்கிய வி.எச்.எஃப். அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். ஆயிரம் அடி டவர் வைத்தாலும் ஐம்பது, அறுபது மைலுக்கு அப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். திரையில் கொசு பறக்கும். ஏ.எம். ரேடியோ அப்படியில்லை, ராத்திரியில் பல மாநிலம் தாண்டிக் கேட்கும். ஆக ஒரு டவர் என்றால் ஒரு நகரமும் அதன் சுற்றுவட்டாரமும்தான். நாடோ கடற்கரையிலிருந்து கடற்கரைக்கு மூவாயிரம் மைல். நியூயார்க்கில் எடுப்பதை மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோக டெலிபோன் கம்பெனியான ஏ.டி. அண்டு டி. போட்ட கோஆக்சியல் கேபிளோ மைக்ரோவேவ் தொடரோ வேண்டும். அது வாஷிங்டனுக்கு 1946-இல் போனது, பாஸ்டனுக்கு 1947-இல். கிழக்குக் கரையையும் சிகாகோ பக்கத்தையும் 1949 ஜனவரி 11-இல்தான் இணைத்தார்கள். மேற்குக் கரைக்குப் போய்ச் சேர 1951 செப்டம்பர் ஆயிற்று. சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பான் சமாதான மாநாட்டில் அதிபர் ட்ரூமன் பேசியதுதான் நாடு முழுக்க நேரடியாகப் போன முதல் ஒளிபரப்பு. அதுவரை லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் நியூயார்க் நிகழ்ச்சியைப் பார்த்ததெல்லாம் பிக்சர் டியூபுக்கு முன்னால் சினிமா கேமராவை வைத்துப் பதிவுசெய்த ஃபிலிமில். கினெஸ்கோப் என்பார்கள். சாம்பல் பூசிய மாதிரி இருக்கும்.

இரண்டாவது, உரிமம் கொடுத்த விதம். 1934-ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டம் அலைவரிசைகளை மாநிலங்களுக்கும் ஊர்களுக்கும் நியாயமாகப் பங்கிட வேண்டும் என்கிறது. ஒளிபரப்பு உரிமம் கொடுக்கும் அரசு ஆணையமான எஃப்.சி.சி. அதை அப்படியே பிடித்துக்கொண்டது. உரிமம் நாட்டுக்கு என்று கிடையாது, ஓர் ஊரின் பெயரில்தான் கிடைக்கும். போதாததற்கு ஒரே கம்பெனி அதிகபட்சம் ஐந்து ஸ்டேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தக் காலத்தில் வரம்பும் வைத்தார்கள். என்.பி.சி. நினைத்தாலும் ஐந்து ஊருக்கு மேல் சொந்தக் கடை போட முடியாது. மற்ற ஊர்களில் யாராவது முதலாளி கிடைத்தால்தான் உண்டு.

யார் அந்த முதலாளிகள்? இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வணிக ஒளிபரப்புக்கு 1941 ஜூலை 1-இல் அனுமதி கிடைத்தது. அன்று நியூயார்க் என்.பி.சி. ஸ்டேஷனில் புலோவா கடிகாரத்தின் விளம்பரம் ஒன்பது டாலருக்கு ஓடியது. உடனே போர் வந்துவிட்டது. போர்க்காலம் முழுக்க விரல்விட்டு எண்ணக்கூடிய ஸ்டேஷன்களே தாக்குப்பிடித்தன, அவற்றில் சில டிவி பெட்டி தயாரிப்பவர்களுடையவை: பிலடெல்பியாவில் ஃபில்கோ, ஸ்கெனெக்டடியில் ஜெனரல் எலெக்ட்ரிக். பெட்டி விற்க வேண்டுமானால் அதில் பார்க்க ஏதாவது வேண்டுமே! சிகாகோவில் தியேட்டர் நடத்திய பலாபன் அண்டு காட்ஸ் இறங்கியது. போர் முடிந்த பிறகு செய்தித்தாள்காரர்கள் வரிசைகட்டினார்கள். 1947-இல் செயின்ட் லூயிஸில் போஸ்ட்-டிஸ்பேட்ச், டெட்ராய்டில் டெட்ராய்ட் நியூஸ், பால்டிமோரில் சன், மில்வாக்கியில் ஜர்னல், கிளீவ்லாந்தில் ஸ்க்ரிப்ஸ்-ஹோவர்ட். 1948-இல் சிகாகோவில் ட்ரிப்யூன், அட்லாண்டாவில் ஜர்னல். பத்திரிகை முதலாளிகளிடம் பணம் இருந்தது, பலருக்கு ரேடியோ நடத்திய பழக்கம் இருந்தது, விளம்பரம் கை மாறிப் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. மியாமியில் 1949-இல் வந்த முதல் ஸ்டேஷன் ஒரு சினிமா தியேட்டர் கம்பெனியுடையது. ஹூஸ்டனில் அதே வருடப் புத்தாண்டு அன்று ஆரம்பித்தவர் ஹோட்டல் முதலாளி. ஒரு வருடம் நஷ்டத்தைப் பார்த்துவிட்டு உள்ளூர்ப் பத்திரிகைக் குடும்பத்திடம் விற்றுவிட்டார்.

உங்கள் கொலம்பஸில் 10-ஆம் சேனலின் பெயர் டபிள்யூ.பி.என்.எஸ். அதை விரித்தால் உல்ஃப், பேங்க், நியூஸ்பேப்பர், ஷூ. உல்ஃப் குடும்பத்திடம் வங்கி, செய்தித்தாள், செருப்புக் கம்பெனி மூன்றும் இருந்தன. பெயர்ப்பலகையிலேயே சொத்துக் கணக்கு எழுதிவிட்டார்கள். சிகாகோவின் டபிள்யூ.ஜி.என். என்பது "உலகின் மிகப் பெரிய செய்தித்தாள்" என்ற ட்ரிப்யூனின் தற்பெருமை வாசகத்தின் சுருக்கம். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருந்தால் டபிள்யூ, மேற்கே இருந்தால் கே என்று பெயர் தொடங்குவது ரேடியோ காலத்து வழக்கம், விதிவிலக்கு உண்டு.

ஆரம்பத்தில் இவர்கள் எதை ஒளிபரப்பினார்கள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். பகலில் பல மணி நேரம் அசையாத ஒரே படம். நான் வேலைக்குச் சேர்ந்த ஸ்டேஷனின் உதிரிபாக அறையில், மரப்பெட்டிக்குள் பஞ்சு சுற்றிய ஒரு கண்ணாடி டியூப் இருந்தது. மோனோஸ்கோப் என்று பெயர். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் உள்ளே உலோகத் தகட்டில் வட்டங்கள், கோடுகள், மேலே இறகுத் தலைப்பாகை அணிந்த செவ்விந்தியத் தலைவரின் முகம். ஆர்.சி.ஏ. கம்பெனி 1939-இல் வெளியிட்ட டெஸ்ட் பேட்டர்ன். கேமராவே தேவையில்லை, அந்த டியூபே படத்தை உற்பத்தி செய்யும். கடைக்காரன் புதுப் பெட்டியை வாடிக்கையாளர் வீட்டில் வைத்து ஆன்டெனாவைத் திருப்ப, வட்டம் வட்டமாக இருக்கிறதா முட்டையாக இருக்கிறதா என்று பார்க்க இந்தப் படம் வேண்டும். அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டிய மூத்த பொறியாளர் இரண்டு கையாலும்தான் பிடித்திருந்தார், பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி. "ஆரம்பத்தில் இவர்தான் எங்கள் ஸ்டார் நடிகர்" என்றார்.

சாயங்காலத்தில் மல்யுத்தம், பேஸ்பால், சமையல், குழந்தைகளுக்குப் பொம்மலாட்டம். மல்யுத்தம் ஏன்? மேடை சின்னது, விளக்கு ஓரிடத்தில் போட்டால் போதும், ஒரு கேமராவே சமாளித்துவிடும். பார்த்தவர்களும் வீட்டில் பார்த்ததைவிட மதுக்கடையில் பார்த்தது அதிகம். 1946-இல் வந்த ஆர்.சி.ஏ.வின் பத்து அங்குலப் பெட்டி 375 டாலர், ஓர் ஆலைத் தொழிலாளியின் சுமார் இரண்டு மாதக் கூலி. உள்ளூர் ஸ்டேஷன் என்றால் என்ன என்று மக்களுக்குப் புரியவைத்தது 1949 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நடந்த ஒரு துயரம். சான் மரீனோவில் மூன்று வயதுப் பெண் குழந்தை கைவிடப்பட்ட கிணற்றுக் குழாய்க்குள் விழுந்துவிட்டாள். கே.டி.எல்.ஏ. ஸ்டேஷன் கேமரா வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி இருபத்தேழு மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் நேரடியாகக் காட்டியது. குழந்தை பிழைக்கவில்லை. பெட்டி இல்லாதவர்கள் கடை வாசல்களில் நின்று பார்த்தார்கள். நியூயார்க்கிலிருந்து இணைப்பு அந்த ஊரை எட்டுவதற்கு இரண்டு வருடம் முன்பே நடந்தது இது.

இப்போது முக்கியமான திருப்பம். 1948 செப்டம்பர் 30-ஆம் தேதி எஃப்.சி.சி. புது உரிமம் கொடுப்பதை நிறுத்தியது. அமெரிக்க ஒளிபரப்பு வட்டாரத்தில் இதை "ஃப்ரீஸ்", அதாவது உறைநிலை என்பார்கள். அதுவரை 108 உரிமங்கள் கொடுத்திருந்தார்கள். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அன்று ஒளிபரப்பில் இருந்தது. முன்னூறுக்கு மேல் விண்ணப்பங்கள் மேசையில் தங்கிவிட்டன. தொழில்நுட்பக் காரணம் உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரே சேனலில் இயங்கும் இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே அவர்கள் விட்ட தூரம் போதவில்லை. எண்பதுகளில் நம் தென்மாவட்டக் கடலோரங்களில் மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டி இலங்கையின் ரூபவாகினியைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. தண்ணீர்ப் பரப்பின்மேல் காற்று அடுக்கடுக்காகச் சூடும் குளிருமாக இருக்கும் நாட்களில் அலை வளைந்து வெகுதூரம் போய்விடும். அங்கே அது வரம், இங்கே அதுவே சாபம். டெட்ராய்டுக்கும் கிளீவ்லாந்துக்கும் 4-ஆம் சேனலையே கொடுத்திருந்தார்கள். நடுவே தொண்ணூறு மைல், அதில் பெரும்பகுதி ஈரி ஏரி.

ஆறு மாதம் என்று சொன்ன நிறுத்தம் மூன்றரை வருடம் நீண்டது. கலர் டிவிக்கு எந்த முறை என்ற சண்டை, பிறகு கொரியப் போர், கல்விக்குச் சேனல் ஒதுக்கும் வாதம் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஆர்.சி.ஏ.வுக்கும் அதன் என்.பி.சி.க்கும் சாதகமாக வேண்டுமென்றே இழுத்தடித்தார்கள் என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆணையத் தலைவராக இருந்த சார்ல்ஸ் டென்னி 1947-இல் பதவியை விட்டு நேராக என்.பி.சி.யில் போய் உட்கார்ந்தது அந்தச் சந்தேகத்துக்குத் தீனி. என்னைக் கேட்டால், லாபம் யாருக்கு என்பது உறுதி, நோக்கம் அதுதானா என்பது நிரூபணமாகாதது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

லாபம் என்றால் எப்படிப்பட்ட லாபம்! கொலம்பஸையும் பிட்ஸ்பர்க்கையும் வைத்துப் பாருங்கள், காரில் மூன்று மணி நேர தூரம். 1950 கணக்குப்படி பிட்ஸ்பர்க் நகரின் ஜனத்தொகை 6,76,000-க்கு மேல். கொலம்பஸ் 3,76,000-ஐத் தொடவில்லை. ஆனால் கொலம்பஸ்காரர்கள் உறைநிலைக்கு முன்பே மூன்று உரிமம் வாங்கி வைத்திருந்தார்கள். சின்சினாட்டியின் கிராஸ்லி கம்பெனி, டொலிடோ வழக்கறிஞர் எட்வர்ட் லாம்ப், அப்புறம் உல்ஃப் குடும்பம். மூன்றும் 1949-க்குள் ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டன. பிட்ஸ்பர்க்குக்கு ஒன்றே ஒன்று, டுமாண்ட் கம்பெனியின் டபிள்யூ.டி.டி.வி. 1953 வரை அந்தப் பெரிய நகரத்தில் அதுதான் டிவி. என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி., டுமாண்ட் என்று அன்றைய நான்கு நெட்வொர்க்குகளும் அதன் வாசலில் நின்றன. மில்வாக்கி, செயின்ட் லூயிஸ் கதையும் இதேதான். சியாட்டிலில் டொரதி புல்லிட் என்ற பெண்மணி 1949-இல் 3,75,000 டாலருக்கு அந்த ஊரின் ஒரே ஸ்டேஷனை வாங்கியபோது, நஷ்டத்தில் ஓடுவதற்கு இவ்வளவு விலையா என்றார்கள். உறைநிலை நீள நீள அது பணம் காய்க்கும் மரமாயிற்று. டென்வரிலும் போர்ட்லண்டிலும் 1952 நடுப்பகுதி வரை ஸ்டேஷனே இல்லை.

இல்லாத ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரேகான் மாநில அஸ்டோரியாவில் எட் பார்சன்ஸ் என்ற ரேடியோக்காரர் 125 மைல் தள்ளியிருந்த சியாட்டில் சிக்னலை 1948 நவம்பரில் ஒரு ஹோட்டல் உச்சியில் ஆன்டெனா வைத்துப் பிடித்து, கம்பி இழுத்து வீட்டுக்கும் அண்டை வீடுகளுக்கும் கொடுத்தார். பென்சில்வேனியாவின் லான்ஸ்ஃபோர்டில் ராபர்ட் டார்ல்டன் 1950-இல் மலைமேல் ஆன்டெனா நட்டு, கீழே பள்ளத்தாக்கில் காசு வாங்கி இணைப்புக் கொடுத்தார். நம்மூர் கேபிள்காரருக்கு இவர்களே முன்னோடிகள். மஹனாய் சிட்டியின் ஜான் வால்சன் 1948 ஜூனிலேயே செய்துவிட்டதாகச் சொல்வதை மட்டும் ஜாக்கிரதையாகப் படியுங்கள். அதற்கு அந்தக் காலத்து ஆவணம் இல்லை, தீயில் போய்விட்டது என்பது அவர் வாக்கு. "முதல் ஸ்டேஷன் நாங்கள்தான்" என்று ஊர் ஊராகச் சொல்வதையும் இதே கண்ணோடு பாருங்கள். சோதனை ஒளிபரப்பா, வணிக உரிமமா, இடைவிடாமல் நடந்ததா என்று அளவுகோலை மாற்றினால் பட்டமும் கை மாறும்.

1952 ஏப்ரல் 14-இல் நிறுத்தம் முடிந்தது. எஃப்.சி.சி. 1,291 ஊர்களுக்கு 2,053 சேனல்களை அட்டவணை போட்டுப் பங்கிட்டது. அதில் 242 கல்விக்கு. எப்படியாவது ஒவ்வோர் ஊருக்கும் சொந்த ஸ்டேஷன் கிடைக்க வேண்டும் என்பது ஆசை. வி.எச்.எஃப்.-இல் இருந்தது 2 முதல் 13 வரை பன்னிரண்டே சேனல். (1-ஆம் சேனல் எங்கே என்றால், 1948-இல் பிடுங்கி வண்டிகளுக்கான ரேடியோவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.) அடுத்தடுத்த சேனலை ஒரே ஊரில் வைக்க முடியாது, ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும் 2, 4, 5, 7, 9, 11, 13 என்று ஏழு வைத்திருப்பதைப் பார்த்து, 4-உம் 5-உம் மட்டும் எப்படிப் பக்கத்தில் என்று கேட்பார்கள். எண்தான் பக்கம், அலைவரிசை அல்ல: 4 முடிவது 72 மெகாஹெர்ட்சில், 5 தொடங்குவது 76-இல். நடுவில் டிவி அல்லாத வேறு ஆட்களின் வரப்பு ஓடுகிறது. 6-க்கும் 7-க்கும் இடையே எஃப்.எம். ரேடியோ முழுக்கவே குடியிருக்கிறது.

சின்ன ஊர்களுக்கெல்லாம் இந்தப் பன்னிரண்டைப் பிய்த்துக் கொடுத்தால் பெரிய நகரத்துக்கு இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். டுமாண்ட் கம்பெனி இதைச் சொல்லி, பெரிய நகரங்களுக்கு நான்கு வி.எச்.எஃப். கிடைக்கிற மாற்றுத் திட்டம் கொடுத்தது. ஆணையம் ஏற்கவில்லை. பற்றாக்குறைக்கு 14 முதல் 83 வரை யு.எச்.எஃப். என்ற புது வரிசையைத் திறந்தார்கள். மக்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்த பெட்டிகளில் அது வராது, தனியாக கன்வர்ட்டர் வாங்க வேண்டும். சிக்னலும் மரம், மலை என்றால் சுருண்டுவிடும். போர்ட்லண்டில் 1952 செப்டம்பரில் 27-ஆம் சேனலில் வந்த கே.பி.டி.வி. நாட்டின் முதல் வணிக யு.எச்.எஃப். ஸ்டேஷன். ஊரில் வேறு டிவி இல்லாததால் பிழைத்தது. அதுவுமே 1957-இல் 12-ஆம் சேனலுக்கு ஓடிவிட்டது. போட்டிக்கு வி.எச்.எஃப். இருந்த ஊர்களில் யு.எச்.எஃப்.காரர்கள் கொத்துக்கொத்தாகக் கடையை மூடினார்கள். மொத்தத்தில் 1955-க்குள் ஸ்டேஷன் எண்ணிக்கை நானூறைத் தாண்டியது. 1950-இல் நூற்றுக்கு ஒன்பது வீடுகளில் இருந்த டிவி 1960-இல் எண்பத்தேழு வீடுகளில் இருந்தது.

ஊர் ஊராகப் பங்கிட்டதன் விளைவைக் கவனியுங்கள். ஒரு நகரத்தில் இரண்டு, மூன்று நல்ல சேனல் என்றால் அவை முதலில் என்.பி.சி.யையும் சி.பி.எஸ்.ஸையும் எடுத்துக்கொள்ளும், மிஞ்சியது ஏ.பி.சி.க்கு. நான்காவதான டுமாண்டுக்குக் கதவே இல்லை. காசு முடைப்பட்டு, 1954 முடிவில் தன் பிட்ஸ்பர்க் தங்கச் சுரங்கத்தை வெஸ்டிங்ஹவுஸுக்கு 97.5 லட்சம் டாலருக்கு விற்றது. அடுத்த வருடமே நெட்வொர்க் படுத்துவிட்டது. ஒவ்வோர் ஊருக்கும் தன் குரல் வேண்டும் என்று போட்ட அட்டவணைதான் முப்பது வருடம் மூன்றே நெட்வொர்க்குகளுக்கு நாட்டை எழுதிக் கொடுத்தது. கலர் சண்டை, விளம்பரதாரர் செல்வாக்கு என்று வேறு காரணங்களைப் பெரிதாகச் சொல்வோரும் உண்டு. நான் டவர் ஆள், எனக்கு அட்டவணைதான் முதலில் கண்ணில் படுகிறது.

இனி உங்கள் வீட்டு ஆன்டெனா. 2009 ஜூன் 12-இல் முழுச் சக்தி ஸ்டேஷன்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறின. ரிமோட்டில் நீங்கள் அழுத்தும் 4, 6, 10 இப்போது பழைய பெயர்ப்பலகைதான். சிக்னல் உண்மையில் எந்த அலைவரிசையில் வர வேண்டும் என்ற கட்டாயம் அந்த எண்ணுக்கு இல்லை. நாட்டின் பெரும்பாலான ஸ்டேஷன்கள் குடிபோன இடம், ஒரு காலத்தில் யாரும் சீந்தாத அதே யு.எச்.எஃப். அதனால் ஆன்டெனா வாங்கும்போது பெட்டியின்மேல் "வி.எச்.எஃப்." என்று பெரிதாக எழுதியிருக்கிறதே என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். இரண்டையும் பிடிக்கக்கூடியதாக எடுத்து, டவர் இருக்கும் திசையைப் பார்க்கும் ஜன்னலோரம் வையுங்கள்.